காசு கரையும், மண் நிற்கும்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலை வழியாக வேங்கிக்காலுக்கு மாலை வேளையில் காலாற நடந்து வருகிற பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. வட ஆற்காட்டிலிருந்து 1989-இல் நம் மாவட்டம் பிரிந்து, பின்னர் ஆட்சியர் அலுவலகம் இந்த ஊரில் எழுந்து, அதைத் தொடர்ந்து உத்தியோகஸ்தர்களும் வழக்கறிஞர்களும் பத்திர எழுத்தர்களும் ஜெராக்ஸ் கடைக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து குடியேறியதால், நெல்லும் மணிலாவும் விளைந்த கொல்லைகள் ஒவ்வொன்றாக ஏர் மறந்து, வர்ணம் பூசிய மனைக்கற்களைத் தாங்கி நிற்கத் தொடங்கிய சரித்திரத்தை, ஏடு பார்த்து அறியாமல் கண்ணால் பார்த்தே அறிந்தவன் நான். திருவண்ணாமலை 2024-இல் மாநகராட்சியான பிறகு அந்தக் கற்களின் தொகை இன்னும் பெருகிவிட்டது. அவற்றில் பல கற்களுக்கு நடுவே பத்தாண்டுகளாகவும் பதினைந்தாண்டுகளாகவும் வேலிகாத்தான் முளைத்துக் கிடக்கிறதே தவிர வீடு முளைக்கவில்லை. அந்த மனைகளின் சொந்தக்காரர்களில் பலர் என் தெருவிலும் அடுத்த தெருவிலும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள் என்பதுதான் இதில் விசித்திரம்.

கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் பூவும் கற்பூரமும் எலுமிச்சம்பழமும் விற்கும் ஓர் அம்மாளும் அவர்களில் ஒருவராக இருந்தவர். மற்ற நாட்களில் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே கதம்பமும் மல்லிகையும் தொடுத்து விற்பார். "காசா வெச்சிருந்தா கரைஞ்சி பூடும் ஐயா, மண்ணா வெச்சா நிக்கும்" என்று அவர் ஒருநாள் என்னிடம் சொன்னார். எந்தப் பொருளாதார நிபுணரும் இவ்வளவு சுருக்கமாகத் தம் சித்தாந்தத்தைச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. இந்த ஊரின் ஆட்டோ ஓட்டுநர், சத்துணவு அமைப்பாளர், பால்காரர், பள்ளி ஆசிரியர் ஆகிய எல்லாருடைய சேமிப்பையும் நடத்திச் செல்லும் மந்திரம் அதுவே. கையில் ஒரு லட்சம் சேர்வதற்குள் அதை முன்பணமாகக் கட்டி, மீதிக்குத் தவணை பேசி, ஒரு மனையை எழுதி வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம் அதிலிருந்தே பிறக்கிறது. அந்த வாக்கியத்தின் முற்பாதி உண்மை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். பிற்பாதியைப் பற்றித்தான் எனக்கு வழக்கு. மண் நிற்க வேண்டுமானால் அதற்கு அடியில் கொஞ்சம் காசு நிற்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயத்தை எனக்குக் கற்பித்தது புத்தகம் அன்று, 2020-ஆம் ஆண்டு. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் பெருந்தொற்றின் பொருட்டுக் கிரிவலம் தடுக்கப்பட்டது. பதினான்கு கிலோமீட்டர் பாதையும் வெறிச்சோடியது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், பௌர்ணமிக்குப் பௌர்ணமி, தடை நீட்டிக்கப்பட்டுக்கொண்டே போயிற்று. மாதச் சம்பளக்காரன் முதல் தேதியை எதிர்பார்ப்பதுபோல் இவ்வூரில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் திதியை எதிர்பார்த்து ஜீவிக்கின்றன என்பதை வெளியூர் வாசகர் அறிந்துகொள்ள வேண்டும். இளநீர்க்காரர், தேநீர்க் கடைக்காரர், செருப்புப் பாதுகாப்பவர், வேன் ஓட்டுகிறவர், வாசல் அறையை ஓரிரவுக்கு வாடகைக்கு விடுகிறவர் என்று எத்தனையோ பேருக்குச் சந்திரனே பற்றுவரவுக் கணக்கன். ஒரு பௌர்ணமி மழையால் கெட்டால் மறு பௌர்ணமியில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று பழகிய அவர்களுக்கு, இருபதுக்கும் மேற்பட்ட பௌர்ணமிகள் தொடர்ந்து கெடும் என்று சோதிடரும் சொல்லவில்லை, சர்க்காரும் சொல்லவில்லை.

அக்காலத்தில் என் தெருவில் நான் கண்ட காட்சி இது. மனை வைத்திருந்தவர்கள் மனை இல்லாதவர்களைவிட எந்த விதத்திலும் சௌகரியமாக இருக்கவில்லை. சிலர் அதிக சங்கடத்தில் இருந்தார்கள். மனை இல்லாதவருக்கு வாடகை பாக்கி ஒன்றுதான் கவலை. மனை உள்ளவருக்கோ வாடகை பாக்கியோடு மனைத் தவணை பாக்கியும் சேர்ந்துகொண்டது. மூன்று தவணை தவறினால் முன்பு கட்டியது முழுவதும் போகும் என்று புரோக்கர் வாய்மொழியாகச் சொல்லிவைத்திருந்த நிபந்தனை, எழுத்தில் இருந்ததோ இல்லையோ, அவரை இரவில் தூங்கவிடவில்லை. முதலில் நகை அடகுக்குப் போயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, நகையின் மதிப்பில் நூற்றுக்கு 75 என்றிருந்த கடன் வரம்பை 2021 மார்ச் வரைக்கும் 90 ஆக உயர்த்தியது. அது பலருக்கு உதவியாகவும் இருந்தது, மீட்கும் பாரத்தை அதிகமாக்கவும் செய்தது. நகை தீர்ந்த பிறகு தண்டல்காரர் வந்தார். கையில் ஒன்பதாயிரம் கொடுத்து, நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வசூலித்துப் பத்தாயிரமாகப் பெற்றுக்கொள்ளும் அந்த வியாபாரம் கேட்பதற்குச் சாதுவாகத் தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பத் தொடங்கிவிடுவதால், அந்த ஆயிரம் ரூபாய் வட்டி உண்மையில் வருஷத்துக்கு எத்தனை சதவிகிதம் என்று கணக்குப் போட்டால் மாதம் நூற்றுக்கு மூன்று வாங்கும் வட்டிக்காரர்கூட நல்லவராகத் தெரிவார். கடைசியில் மனை விலைக்கு வந்தது. ஊரில் எல்லாரும் விற்கிறவர்களாக இருக்கும் காலத்தில் வாங்குகிறவன் சொன்னதே விலை.

பூக்கார அம்மாளின் மனையும் அப்படித்தான் போயிற்று. ஆறு வருஷம் கட்டிய தவணையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவருக்குத் திரும்பி வரவில்லை. நிற்கும் என்று அவர் நம்பிய மண் நிற்கத்தான் செய்தது. வேறொருவர் பெயரில் நின்றது. அவர் கையில் ஆறு மாதச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் தவணைக்கும் போதுமான ரொக்கம், எட்டிய இடத்தில், எந்தப் பெட்டியிலாவது இருந்திருக்குமானால், அவர் விலை பேசும் வேளையில் அவ்வளவு அவசரப்பட்டிருக்க மாட்டார். அந்த ரொக்கம்தான் வீட்டுக்குக் கடைக்கால் என்று சொன்னால் கொத்தனார் சிரிப்பார். ஆனாலும் அதுதான் கடைக்கால்.

பிறருக்கு உபதேசம் செய்வதற்கு முன் என் கதையையும் சொல்லிவிடுவது நியாயம். தொண்ணூறுகளின் நடுவில், உத்தியோகத்தில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நான், சேமிப்பு முழுவதையும் துடைத்தெடுத்து இவ்வூரில் ஒரு கிரவுண்டு வாங்கினேன். பத்திரம் பதிந்த அன்று ராஜ்யம் கிடைத்தவனைப்போல் வீடு திரும்பினேன். பதினோராவது மாதம் தகப்பனாருக்கு அறுவைச் சிகிச்சை. ஐம்பதினாயிரம் ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கினேன். அதாவது மாதம் 1,500, வருஷத்துக்கு 18,000. ஒன்றரை வருஷம் வட்டி கட்டிக் களைத்த பிறகு கிரவுண்டை விற்று அசலை அடைத்தேன். தகப்பனார் நெடுநாள் இருந்தார் என்பதனால் எனக்கு அதில் வருத்தமில்லை. எனினும் அந்த இடத்தைக் கடந்து போகும்போதெல்லாம் அங்கே நிற்கும் இரண்டடுக்கு வீட்டின் மாடியை எண்ணிப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. மனிதன் அவ்வளவுதான்.

இனி, "காசு கரையும்" என்ற முற்பாதிக்கு வருவோம். ஏழை மக்கள் காசைக் காசாக வைத்திருக்க அஞ்சுவதை அறியாமை என்று சொல்கிறவர்கள் இந்நாட்டின் சரித்திரத்தைச் சரியாகப் படிக்காதவர்கள். சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற பெரும் ஸ்தாபனம் 1906 அக்டோபரில் திவாலானபோது, அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு அதில் பணம் போட்டிருந்தவர்கள் படிப்பறியாத பாமரர்கள் அல்லர். பென்ஷன்காரர்களும் வக்கீல்களும் ஜமீன்தார்களுமே. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். போட்டவர்களுக்கு முழுப் பணம் திரும்பவில்லை. அந்த வயிற்றெரிச்சலிலிருந்துதான், வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முன்நின்று முயன்றதன் பலனாக, 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. அதன் பிறகும் பாடம் முடிந்துவிடவில்லை. தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு முளைத்த பைனான்ஸ் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்ததால், 1997-இல் முதலீட்டாளர் நலன் காக்கும் தனிச் சட்டத்தை நம் மாநிலம் இயற்ற நேர்ந்தது. 2012-இல் பெருந்துறைப் பக்கத்து ஈமு கோழி மோசடி. பின்னர், நிலம் தருவதாகச் சொல்லி நாடு முழுவதும் ஐந்தரைக் கோடிப் பேருக்கு மேல் பணம் வசூலித்த பி.ஏ.சி.எல்.; 49 ஆயிரம் கோடி ரூபாயைத் திருப்பித் தரும்படி செபி 2014-இல் கட்டளையிட்டது, உச்ச நீதிமன்றம் 2016-இல் நீதிபதி லோதா தலைமையில் ஒரு குழுவையே அமைத்தது. 2022-இல் ஆருத்ரா. மாதம் நூற்றுக்கு முப்பது வரை தருவதாக ஆசை காட்டி, ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் அந்நிறுவனம் திரட்டியதாகப் போலீசார் தெரிவித்தார்கள். நம் மாவட்டத்து ஆரணியிலும் அது பணம் வாங்கியது. ஆருத்ரா என்ற திருநாமமே சிவபெருமானுக்குரியது. அருணாசலத்தின் அடிவாரத்து மக்கள் அந்தப் பெயரை நம்பினால் அவர்களை மட்டும் குறை கூறுவது எப்படி?

ஆக, காசு கரைகிறது என்பது அனுபவ வாக்கு. இதனால் பயந்த மக்கள் மூன்று வழிகளில் ஒதுங்குகிறார்கள்: மண், பொன், சீட்டு. மண்ணைப் பற்றிச் சொன்னேன். பொன்னைப் பற்றி என் வீட்டில் பேச எனக்கு அதிகாரம் இல்லை, ஆதலால் இங்கும் விட்டுவிடுகிறேன். சீட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அதை இகழ்ந்து பேசும் நாகரிகர்களோடு நான் சேரமாட்டேன். மாதந்தோறும் இருபது பேர் கூடி, ஒருவருக்கொருவர் முகம் பார்த்து, தவறினால் வெட்கப்பட வேண்டும் என்ற கூச்சத்தையே ஜாமீனாக வைத்துப் பணம் சேர்க்கும் ஏற்பாடு, எந்த வங்கிக்காரரும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாத ஞானம். ஆனால் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற சீட்டு வேறு, மளிகைக் கடைக்காரர் நோட்டுப் புத்தகத்தில் எழுதும் சீட்டு வேறு. முன்னதில், நடத்துகிறவர் சீட்டுத் தொகைக்கு ஈடு கட்டியாக வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அவருக்குரிய கமிஷன் நூற்றுக்கு ஏழுக்கு மேற்படக் கூடாது. பின்னதில் அவர் ஊரை விட்டுப் போகாதிருக்க வேண்டும் என்று பிரார்த்தனை செய்வது ஒன்றே பாதுகாப்பு. தீபாவளிச் சீட்டு கட்டி, தங்க நாணயமும் பட்டாசுப் பெட்டியும் எதிர்பார்த்து ஏமாந்த நம் மாவட்டத்துப் பெண்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த மூன்றுக்கும் அப்பால், வட மாவட்டங்களில் வீட்டை முன்னிட்டு வழங்கும் ஓர் ஏற்பாட்டைப் பற்றிப் பத்திரிகைகள் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் குறை. அதுதான் போக்கியம். வீட்டுக்காரரிடம் மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகையின்றி இரண்டு மூன்று ஆண்டுகள் குடியிருந்து, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திரும்பப் பெறுவது. வாடகையில் கரைய வேண்டிய பணம் கையில் தங்குகிறது. கொடுத்த தொகையோ பாங்கியில் போட்டதைப்போல் அப்படியே இருக்கிறது. அந்த ஆண்டுகளில் மாத வாடகையைச் சேமித்தால் சொந்த வீட்டுக்கு வழி பிறக்கிறது. நினைக்கும்போது இதைவிட அழகான படிக்கட்டு உண்டா என்று தோன்றும். பல குடும்பங்களை இந்தப் படிக்கட்டு மேலே ஏற்றியும் இருக்கிறது.

ஆயினும் அந்த ஐந்து லட்சம் எங்கே இருக்கிறது? வீட்டுக்காரர் அதைக் கொண்டு மகளுக்குக் கலியாணம் செய்திருப்பார். அல்லது பழைய போக்கியக்காரரைக் காலி செய்ய வைத்திருப்பார். அவர் திருப்பித் தரவேண்டிய நாளில் புதிய போக்கியக்காரர் ஒருவர் அகப்பட்டால்தான் பணம் வரும். அதைக் காட்டிலும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. அந்த வீடு முன்பே வங்கியில் அடமானமாக இருந்து, தவணை தவறினால், 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்கி அதைக் கையகப்படுத்தி ஏலத்துக்குக் கொண்டுவரும்; முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, பதிவு செய்யாமல் பீரோவில் பத்திரப்படுத்திய ஒப்பந்தம், வாசலில் வங்கியின் அறிவிப்பு ஒட்டப்படும் காலையில் வெறும் காகிதமாகிவிடும். நூறு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான அடமானம், பத்திரத்தை ஒப்படைத்துச் செய்யும் அடமானம் நீங்கலாக, பதிவு செய்யப்பட வேண்டும் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-ஆம் ஆண்டிலிருந்தே சொல்லி வருகிறது. பதிவுச் செலவுக்கு அஞ்சி இரு தரப்பும் அதைச் செய்வதில்லை. போக்கியத்துக்கென்று மிகக் குறைந்த கட்டணத்தில் எளிய பதிவு முறை ஒன்றை அரசாங்கம் ஏற்படுத்தினால், அடுக்குமாடி கட்டித் தருவதற்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பகுதிகூட அதற்கு வேண்டியிராது. பலன் பெறும் குடும்பங்களோ ஏராளம். இதை ஒரு கோரிக்கையாகவே இங்கே வைக்கிறேன். குடியேறுகிறவர்களுக்கும் ஒன்று: வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமலும், வீட்டின் மூலப்பத்திரத்தைக் கண்ணால் காணாமலும் போக்கியம் கொடுக்காதீர்கள். அசல் பத்திரம் எங்கே என்ற கேள்விக்கு, ஊரில் தம்பியிடம் இருக்கிறது என்று பதில் வந்தால், அந்தத் தம்பிக்கு வங்கி என்று பெயர் இருக்கக்கூடும்.

சரி, வங்கிக் கடனில் வீடு வாங்குகிறவர் கதை என்ன? இருபத்தைந்து லட்ச ரூபாய் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முப்பது லட்சம் வரையுள்ள கடனுக்கு மதிப்பில் நூற்றுக்கு 90 வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி; ஆகவே குறைந்தது இரண்டரை லட்சம் கையிலிருந்து போட வேண்டும். முத்திரைத் தீர்வை 5, உரிமை மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு 9. அது இரண்டேகால் லட்சம். இந்தச் செலவை வங்கி பொதுவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவிகிதம் குறைவு என்றாலும், இருபத்தைந்து லட்சத்துக்கு அந்தச் சலுகை எட்டாது. ஆக ஏறக்குறைய நாலே முக்கால் லட்சம், சாவி கைக்கு வருவதற்கு முன்பே செலவாகிவிடுகிறது. பிறகு மாதத் தவணை. மீதி இருபத்திரண்டரை லட்சத்தை எட்டரை சதவிகித வட்டியில் இருபது வருஷத்துக்கு வாங்கினால் மாதம் சுமார் 19,525 ரூபாய். முடிவில் கட்டியிருப்பது சுமார் 46 லட்சத்து 86 ஆயிரம். இந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. இருபது வருஷ வாடகையும் சேர்த்தால் சமாதானம் கிடைக்கும். நான் பயப்படுவது வேறொன்றுக்கு: அந்த நாலே முக்கால் லட்சத்தையும் மைத்துனரிடமும் தண்டல்காரரிடமும் கைமாற்று வாங்கிக் கட்டிவிட்டு, முதல் மாதத் தவணைக்கே திணறுகிறவர்கள் இருக்கிறார்கள். கிருகப் பிரவேசத்தன்று அவர்கள் வாசலில் வாழைமரம் நிற்கும், உள்ளே ஒரு மாதச் செலவுக்குக்கூடப் பணம் நிற்காது.

இதற்கு மாறாக, மாதம் ஐயாயிரம் ரூபாயை அஞ்சலகத்தின் ஐந்தாண்டுத் தொடர்வைப்பில் 6.7 சதவிகித வட்டிக்குப் போட்டால், முடிவில் கிடைப்பது சுமார் 3 லட்சத்து 56 ஆயிரம். மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாயை மட்டும் அப்படியே போட்டு வைத்தால் 71 ஆயிரத்துச் சொச்சம். அந்த ஆயிரத்தை அரிசிக்கும் மருந்துக்கும் செலவிட வேண்டிய வீடுகள் பல உண்டு என்பதை நான் அறியாதவன் அல்லன். அவர்களிடம் சேமிப்பைப் பற்றிப் பேசுவது பசித்தவனிடம் விரதத்தின் மகிமையைப் பேசுவதற்குச் சமம். முடிந்தவர்களைப் பற்றியே பேசுகிறேன். இந்தத் தொடர்வைப்பில் ஒரு வருஷம் கட்டிய பிறகு சேர்ந்த தொகையில் பாதி வரை கடனாக எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது; ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது அந்தப் பாதி, மூன்று வட்டிக்காரர் வீட்டுக்குப் போகாமல் தடுக்கும். 1882-இலிருந்து இந்நாட்டில் நடந்து வரும் அஞ்சலகச் சேமிப்பும், போட்ட பணத்தில் ஐந்து லட்சம் வரை காப்பீடு உள்ள வங்கியும் கண்ணைப் பறிக்கும் வட்டி தருவதில்லைதான். அவற்றில் பணம் மெதுவாகத்தான் வளரும்; மாமரமும் அப்படியே.

ஆனால் ஒரு நியாயத்தை மறுக்கக் கூடாது. பௌர்ணமி இரவு முழுவதும் விழித்து, மறுநாள் பகல் தூங்கி எழுந்து, மூட்டையில் சில்லறையோடு நிற்கும் வியாபாரிக்கு, அலுவலக நேரத்தில் திறந்து மூடுகிற எந்தக் கவுண்டரும் உதவாது. அவர் வீட்டு வாசலுக்கு வருகிறவர் தண்டல்காரரும் சீட்டுக்காரரும் மனைப் புரோக்கரும் மட்டுமே. பணம் கேட்க வருகிறவன் படியேறி வருகிறான், பணம் காக்க வேண்டியவன் படிக்குக் கீழே வரிசையில் நிற்கச் சொல்கிறான். ஐரோப்பாவின் கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து பிரடெரிக் நிக்கல்சன் 1895-இல் சென்னை சர்க்காருக்கு அறிக்கை கொடுத்ததும், 1904-இல் திருவள்ளூருக்கு அருகே திரூரிலும், அதே ஆண்டில் காஞ்சிபுரத்திலும் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்ததும் எதற்காக? பணம் மனிதனைத் தேடி அவன் தெருவுக்கு வரவேண்டும் என்பதற்காகத்தானே? பௌர்ணமிக்கு மறுநாள் மாலையில் கிரிவலப் பாதை நெடுக நாலைந்து இடங்களில் மேஜை போட்டு, கூட்டுறவு வங்கியோ அஞ்சலகமோ பாஸ் புத்தகத்தில் வரவு வைத்துக் கொடுக்கட்டும். இதற்குச் சட்டம் வேண்டாம், கொஞ்சம் மனம் வேண்டும்.

மனை வாங்குவதையே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாங்குகிற மனை எது என்று பார்க்கச் சொல்கிறேன். அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாதென்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, பத்திர அலுவலக வாசலில் முன்பணம் கொடுத்துவிட்டு நின்றவர்களின் முகங்களை நான் பார்த்திருக்கிறேன். அவ்வாண்டு அக்டோபர் 20-ஆம் தேதி வரை ஏற்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்தப் பின்னர் விதிகள் வந்தன. அதற்குப் பின்னும் மலிவு என்ற ஒரே காரணத்துக்காக ஓடைக் கரையையும் ஏரியின் நீர்ப்பிடிப்பையும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, பெருமழையில் மலைச்சரிவு இறங்கி, வ.உ.சி. நகரில் குழந்தைகள் உட்பட ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். மலையடிவாரத்தில் சரிவில் வீடு கட்டிக்கொண்டவர்களை யாரும் பேராசைக்காரர்கள் என்று சொல்ல முடியாது. சமதளத்தில் அவர்களுக்கு எட்டிய விலையில் இடம் இல்லை. அந்த வாரம் முழுவதும் இவ்வூரில் யாரும் உரக்கப் பேசவில்லை. மண் நிற்கும் என்ற வாக்கியத்தை அதன்பின் நான் யார் வாயிலும் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடியும் கேட்டேன்.

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது நம் பெரியவர்கள் சொல்லிவைத்த பழமொழி. இன்று பெருகக் கட்டிச் சிறுக வாழ்கிறோம். குடிசைக்குப் பதிலாகக் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் மூன்றரை லட்ச ரூபாய் மானியத்தோடு கட்டப்படும் வீடு 360 சதுர அடி. அதைப் பார்த்து, இது ஒரு வீடா என்று கேட்கிறவர்கள், ஆயிரத்து இருநூறு சதுர அடிக்குக் கடைக்கால் போட்டு, லிண்டல் மட்டத்தில் பணம் தீர்ந்து, கம்பி துருப்பிடிக்க நாலு மழைக்காலம் விட்டுவைத்த சொந்த உறவினர்களை மறந்துவிடுகிறார்கள். வேங்கிக்காலில் அப்படி லிண்டலோடு நிற்கும் வீடுகளை என் மாலை நடையில் எண்ணியிருக்கிறேன். எண்ணிக்கையைச் சொன்னால் சொந்தக்காரர்கள் கோபிப்பார்கள்.

தடை நீங்கிக் கிரிவலம் திரும்பிய பிறகு பூக்கார அம்மாள் மறுபடியும் கடை போட்டார். இப்போது அவர் கதம்பக் கூடையின் அடியில், ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய இரண்டு பாஸ் புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்றில் பௌர்ணமி வருமானத்தில் ஒரு பங்கு, மற்றொன்றில் மகளின் பெயரில் மாதம் ஐந்நூறு. முதல் புத்தகம் எதற்கு என்று கேட்டேன்.

"அது தொடக்கூடாத காசு ஐயா. மறுபடியும் கோயில மூடினாங்கன்னா எடுப்பேன்."

"மனை?"

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். இந்தத் தடவ நான் அவசரப்பட மாட்டேன், விக்கிறவன் அவசரப்படட்டும்" என்று சொல்லி, தண்ணீர் தெளித்த மல்லிகையை ஈரத் துணியால் மூடிவிட்டு, அடுத்த பௌர்ணமி எந்தத் தேதி என்று காலண்டரில் பார்த்துச் சொல்லும்படி என்னைக் கேட்டார்.